உழைச்செல்வான்

தமிழில் 'சோதனை' என்னும் சொல் இரண்டு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. நோயின் தன்மையை அறிய மருத்துவமனையில் செய்யப்படும் ஆய்வும் சோதனை. அடியவரின் உறுதியை வெளிப்படுத்த இறைவன் துன்பம் தந்து பார்ப்பதும் சோதனை. உரிய காலத்தில் தலை நிற்காத, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத, நடையிலும் பேச்சிலும் பின்தங்கிய ஒரு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரத்தப் பரிசோதனைக்கும் செவித்திறன் பரிசோதனைக்கும் மூளை ஸ்கேனுக்கும் நடக்கும் பெற்றோரின் வாழ்வில் இவ்விரு பொருளும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. 'கடவுள் உங்களைச் சோதிக்கிறார், தாங்குகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்' என்று உறவினர் சொல்லும்போது அதில் அன்பு இருக்கிறது. ஆனால், கூர்ந்து பார்த்தால், அந்த ஆறுதலில் ஒரு பிழையும் இருக்கிறது. சோதிக்கப்படுபவர்கள் பெற்றோர் என்றால் ஊசி ஏறுவது யாருடைய கையில் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. தாய் தந்தையரின் பொறுமையை அளக்க எடுத்துக்கொள்ளப்பட்ட அளவுகோலாகக் குழந்தை சுருங்கிவிடுகிறது.

தமிழ்ச் சைவ மரபில் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாத கூர்மையோடு எழுப்பும் கதை சிறுத்தொண்ட நாயனாருடையது. வாதாபிப் போரில் பல்லவர் படையை நடத்திய பரஞ்சோதியார் பின்னாளில் சிறுத்தொண்டர் என்னும் பெயரோடு திருச்செங்காட்டங்குடியில் அடியவர்க்குத் தொண்டு செய்து வாழ்ந்தபோது, பைரவக் கோலத்தில் வந்த இறைவன் பிள்ளைக்கறி கேட்டதாகவும், பெற்றோர் இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்ததாகவும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். பிள்ளையை அரியும் அக்காட்சியில் தாய் மகனின் கால்களை மடியில் இடுக்கிக் கைகளைப் பற்றிக்கொள்கிறாள். ரத்தம் எடுக்கும் அறையில் ஒரு தாய் அமரும் நிலையும் ஏறத்தாழ இதுதான் என்பதை அந்த அறைக்குள் நின்றவர்கள் அறிவார்கள். புராணத்தில் பிள்ளை சிரிக்கிறது; பெற்றோர் பேருவகை கொள்வதாக எண்ணி மகிழ்கிறது. இறுதியில் அழைத்ததும் பள்ளியிலிருந்து வருபவனைப்போல ஓடி வருகிறது. பற்றுகளுள் எல்லாம் வலியதான மக்கட்பற்றையும் கடந்த அன்பின் உச்சம் என்று மரபு இக்கதையை வாசிக்கிறது; அந்த வாசிப்பு அதன் இடத்தில் நிற்கட்டும். ஆனால் அதை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவர முடியாது. ஏனென்றால் மருத்துவமனையில் பிள்ளை சிரிப்பதில்லை. அங்கே சோதனைக்கு உள்ளாவது குழந்தையின் உடல். சோதனை நடப்பதும் குழந்தைக்காகவே. தாயின் பக்தியோ தந்தையின் உறுதியோ அங்கே அளக்கப்படுவதில்லை.

இதற்கு அடுத்து வருவது வினை பற்றிய பேச்சு. 'என்ன பாவம் செய்தோமோ' என்று தாய் தன்னையே கேட்டுக்கொள்வதும், கிரகணத்தின்போது வெளியே வந்தாளா என்று பிறர் அவளைக் கேட்பதும் ஒரே கேள்வியின் இரு வடிவங்கள். சைவ சித்தாந்தம் கன்மத்தை, அதாவது உயிரைப் பிணித்திருக்கும் மும்மலங்களுள் ஒன்றான வினைத்தொடர்ச்சியை, அந்தந்த உயிருக்கு உரியதாகவே கூறுகிறது. தாயின் வினை பிள்ளையின் குரோமோசோமில் எழுதப்படுகிறது என்பது அதன் சாத்திரக் கருத்து அன்று. பௌத்தத்தின் பாலி நூல்களுள் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில், நேரும் இன்பதுன்பங்கள் அனைத்தும் முன்வினையாலேயே வருகின்றனவா என்று மோலியசீவகன் என்னும் துறவி கேட்க, புத்தர் அதை மறுக்கிறார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணாமை, புறத்தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லி, வினைப்பயனை எட்டாவதாக மட்டுமே வைக்கிறார். வினைக்கொள்கை ஒருவர் தம்முடைய துன்பத்தைத் தாமே தாங்கிக்கொள்வதற்காகத் தம்மை நோக்கிச் சொல்லிக்கொள்ளும் கொள்கையாக இருக்கும்வரை அதில் ஒரு கண்ணியம் உண்டு. அதே கொள்கை அடுத்தவரின் குழந்தையைச் சுட்டி விளக்கமாகச் சொல்லப்படும் கணத்தில் அது இரக்கமின்மையாக மாறுகிறது.

இங்கே ஒரு மருத்துவச் சோதனை செய்யும் வேலை கவனிக்கத்தக்கது. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது என்பதைப் பாரிஸில் ஜெரோம் லெழேன், மார்த்த கோத்தியே, ரேமோன் டர்பன் ஆகியோர் 1959இல் வெளியிட்டனர். குழந்தையின் ரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளணுக்களை ஆய்வகத்தில் சுமார் மூன்று நாள் வளர்த்து, அவை பிளவுபடும் நடுக்கட்டத்தில் நிறுத்தி, சாயமேற்றி எண்ணிப் பார்க்கும் சோதனைக்குக் கேரியோடைப்பிங் என்று பெயர். 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 இருப்பதற்குப் பெரும்பாலான குழந்தைகளில் காரணம், கரு உருவாவதற்கு முன்பே உயிரணுப் பிளவில் ஓர் இணை பிரியாமல் போனதுதான். தாயின் வயது கூடும்போது இதற்கான வாய்ப்பு கூடுகிறதே தவிர, அவள் உண்டதும் உண்ணாததும், நடந்ததும் நினைத்ததும் இதற்குக் காரணம் அல்ல. இச்சோதனை குழந்தையைக் குணப்படுத்துவதில்லை. இதயத்தையும் தைராய்டையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று வழிகாட்டுவதோடு, வீட்டுக்குள் யாரைக் குற்றம் சொல்வது என்ற நீண்ட வழக்கை முடித்தும் வைக்கிறது. அறியாமையால் சுமத்தப்பட்ட பழியிலிருந்து ஒரு பெண்ணை விடுவிக்கும் ஆய்வறிக்கையை அறத்தின் கருவி என்று சொல்வதில் தவறில்லை.

எனினும் பயன் பின்னால் வருகிறது. வலி முன்னால் வருகிறது. இந்த இடைவெளிக்குத் தமிழ் இறையியல் தந்திருக்கும் மிகச் சிறந்த விளக்கம் சிவஞான சித்தியாரில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய இந்நூல், இறைவன் உயிர்களுக்குத் துன்பம் தருவது அவனுடைய அருளுக்கு எவ்வாறு முரணாகாது என்பதை விளக்க இரண்டு உவமைகளைக் கையாள்கிறது: சொல் கேளாத பிள்ளையைக் கண்டிக்கும் பெற்றோர், சில நோய்களைக் கீறி அறுத்தும் வேறு சிலவற்றை இனிய பொருள்களோடு மருந்து கலந்து கொடுத்தும் தீர்க்கும் மருத்துவர். மென்மையாக வரும் அருளை அறக்கருணை என்றும், கடுமையின் வடிவில் வரும் அருளை மறக்கருணை என்றும் சைவர் பிரித்துச் சொல்வர்.

ஆனால் இந்த உவமை, சொல்லாமலே ஒன்றை எடுத்துக்கொள்கிறது. கத்திக்கு உடன்படும் நோயாளிக்குக் கத்தி ஏன் என்று தெரியும். கண்டிக்கப்படும் பிள்ளைக்கு இன்று தெரியாவிட்டாலும் வளர்ந்தபின் தெரியும். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு குழந்தைக்கு அந்த 'பின்' வராமலே போகலாம். அப்போது ஊசி ஊசியாகவே நிற்கிறது. அதற்கு மேல் ஒரு பொருள் அதில் ஏறுவதில்லை. நியாயம் பெற்றோரின் அறிவில் நிகழ்கிறது, வலி குழந்தையின் உடலில் நிகழ்கிறது, இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை. போதாததற்கு, வலி வரும் நேரத்தில் குழந்தையை அசையாமல் பிடித்திருப்பவை அது நம்பும் கைகளே.

சோதனைகளின் நடைமுறையை அறியாமல் இக்கேள்வியின் கனத்தை அறிய முடியாது. தசை இறுக்கமோ தளர்ச்சியோ உள்ள சிறு குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போது, பேச்சு வழக்கில் நரம்பு எனப்படும் ரத்தக்குழாய் எளிதில் அகப்படுவதில்லை. ஒரு கையில் கிடைக்காமல் மறுகைக்கும், அங்கிருந்து புறங்காலுக்கும் ஊசி போக வேண்டியிருக்கும். பேரா எனப்படும் செவித்திறன் சோதனையில், நெற்றியிலும் காதுகளின் பின்புறத்திலும் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் 'டிக்' ஒலிகளை அனுப்பி, மூளைத்தண்டு அதற்குத் தரும் மின்விடையைப் பதிவு செய்வார்கள். குழந்தை அசையாமல் உறங்க வேண்டும் என்பதால் முந்தைய இரவு அதைத் தூங்கவிடாமல் வைத்திருக்கச் சொல்வதும், தூக்க மருந்து கொடுப்பதும் உண்டு. இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவில் தலையெங்கும் ஏறத்தாழ 20 மின்முனைகள் பசையிட்டு ஒட்டப்படுகின்றன. தலையில் எண்ணெய் தடவுவதையே தாங்காத, தொடுகைக் கூச்சம் மிகுந்த ஆட்டிசக் குழந்தைக்கு அந்தப் பசையே ஒரு தாக்குதல். எம்.ஆர்.ஐ. கருவியின் ஓசை 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடியது. மயக்கம் கொடுப்பதற்கு முன் திட உணவு 6 மணி நேரமும் தாய்ப்பால் 4 மணி நேரமும் நிறுத்தப்பட வேண்டும்; எதற்காகப் பசிக்கவிடுகிறார்கள் என்று அறியாத குழந்தை பால் மணக்கும் மடியிலேயே பாலின்றி அழுகிறது. டோக்கன் எண் தள்ளிப்போகும் ஒவ்வொரு அரைமணி நேரமும் அந்தப் பசியின்மேல் ஏறுகிறது.

இவை எல்லாம் தேவைதானா என்ற கேள்வியும் துணையிருப்பவரின் கடமைக்குள் அடங்கும். செவித்திறன் சோதனை தாமதமின்றி நடந்தால், தேவைப்படும் குழந்தைக்கு, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழேயே காக்ளியர் கருவி பொருத்தப்படும் வழி உண்டு. மொழி கற்கும் பருவம் கடந்துவிட்டால் அந்தக் கருவியின் பயன் குறைகிறது. இத்தகைய சோதனையின் வலிக்கு ஈடு உண்டு. முடிவு எதுவாக வந்தாலும் சிகிச்சையிலோ பயிற்சியிலோ எதையும் மாற்றாத ஒரு சோதனையைப் பற்றி, இதனால் குழந்தைக்கு என்ன மாறும் என்று மருத்துவரிடம் கேட்பது அவமரியாதை ஆகாது. தன்னால் கேட்க முடியாத ஒருவருக்காகக் கேட்கப்படும் கேள்வி அது.

மருத்துவத்தில் துணையிருத்தலின் இடம் எது என்று இந்திய மரபு மிகத் தெளிவாக யோசித்திருக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகிய மூன்றோடு உழைச்செல்வானையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று மருந்தை இயற்றி ஊட்டுபவர் உழைச்செல்வான். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் மருத்துவத்துக்கு இதே நான்கு பாதங்களைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்களை வகுக்கிறது. துணையிருப்பவருக்கு அது சொல்லும் குணங்களுள் ஒன்று அன்பு என்பது வியப்பில்லை. வியப்பும் வேதனையும் தருவது நோயாளிக்கு அது விதிக்கும் குணங்கள்: நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துரைக்கும் திறன். சிறப்புத் தேவையுள்ள சிறு குழந்தையிடம் இந்நான்கில் ஒன்றுகூட இல்லை. சாத்திரப்படி பார்த்தால் அது நோயாளியாக இருப்பதற்கே தகுதி அற்றது. இந்த இடத்தில்தான் உழைச்செல்வானின் பணி மருந்தூட்டுவதைத் தாண்டிப் போகிறது. இல்லாத நான்கு குணங்களையும் அவர் தம்மிடமிருந்து குழந்தைக்கு இரவல் தர வேண்டியிருக்கிறது.

நினைவை இரவல் தருவது எளிதாகத் தோன்றும். பிறந்தவுடன் அழுததா, மஞ்சள் காமாலை இருந்ததா, தலை எப்போது நின்றது, எப்போது குப்புற விழுந்தது, முதல் வலிப்பு எந்த மாதம் என்று ஒவ்வொரு அறையிலும் புதிதாகக் கேட்பார்கள். பழைய ரிப்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் அடுக்கி வைத்திருக்கும் தாய் அவை இல்லாமலே தேதியோடு சொல்வாள். தன் குழந்தையின் குறைகளை மட்டும் வரிசையாக ஒப்பிக்க வேண்டிய அந்தச் சடங்கு ஒரு தாய்க்கு என்ன செய்யும் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

எடுத்துரைக்கும் திறனை இரவல் தருவது இன்னும் ஆழமான செயல். அது இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு மருத்துவ வரலாறே சாட்சி. 1980களின் நடுப்பகுதி வரை, பச்சிளங்குழந்தைகளுக்கு வலி முழுமையாக உணரப்படுவதில்லை என்ற நம்பிக்கையில், போதிய வலிநீக்கம் இன்றியே அவர்களுக்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் தம் குழுவினரோடு 1987இல் வெளியிட்ட ஆய்வுகளே அந்நம்பிக்கையை அசைத்தன. சொல்ல முடியாதவர்க்கு வலி இல்லை என்று முடிவு கட்டுவது மனித அறிவு மீண்டும் மீண்டும் விழும் குழி. பின்னர் 1997இல் வெளியான ஃபிளாக் என்னும் வலி அளவீடு முகம், கால்கள், உடலசைவு, அழுகை, ஆற்றினால் ஆறும் தன்மை ஆகிய ஐந்தைக் கண்டு 10 மதிப்பெண்ணுக்கு வலியைக் கணிக்கிறது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக அது திருத்தப்பட்டபோது, அந்தக் குழந்தைக்கே உரிய வலிக்குறிகளைப் பெற்றோரிடம் கேட்டுச் சேர்க்க இடம் தரப்பட்டது. ஒரு குழந்தை வலித்தால் சிரிக்கும். மற்றொன்று மூச்சை அடக்கும். வேறொன்று ஓசையின்றி விரலைக் கடிக்கும். இந்த அகராதி வேறெங்கும் அச்சிடப்படவில்லை, தாயிடம் மட்டுமே இருக்கிறது. வலியின் அளவு ஆறுதலுக்கு இணங்குவதையும் பொறுத்தது என்று ஓர் அறிவியல் அளவீடே ஒத்துக்கொண்டிருப்பதும் சிந்திக்கத்தக்கது. ஆற்றுபவர் ஒருவர் அருகில் இருக்கிறார் என்பதை அந்த ஐந்தாவது கூறு முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது.

சொன்னபடி நடத்தல் கைகளால் தரப்படுகிறது. அதைப் பற்றி மேலே சொன்னதே போதும். அஞ்சாமையை எப்படித் தருவது என்பதுதான் கடினம். 'வலிக்காது', 'எறும்பு கடிக்கிற மாதிரிதான்' என்று சொல்வது உலக வழக்கு. தீங்கற்ற நன்மையைத் தரும் பொய்க்கு வள்ளுவர் இடம் தந்திருக்கிறாரே என்று இதற்கு ஆதாரம் காட்டலாம். ஆனால் சொற்களைவிடக் குரலையே பற்றிக்கொண்டு வாழும் ஒரு குழந்தைக்கு அன்னையின் குரல்தான் உலகின் ஒரே உறுதி. அக்குரல் வலிக்காது என்று சொன்ன மறுநொடியில் வலித்தால், அடுத்த முறை அக்குரலால் எதையும் ஆற்ற முடியாது. ஆகவே இந்தப் பொய் தீங்கற்றது என்று கருத இடமில்லை. வலிக்கும் என்றும், விட்டுப் போகமாட்டேன் என்றும் அதே வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டிருப்பது கடினமானது. புரிந்ததா என்ற கவலையின்றிச் சொல்லப்பட வேண்டியது. பொருள் போய்ச் சேராவிட்டாலும் குரல் போய்ச் சேரும்.

துணையின் மதிப்பை மேற்கத்திய மருத்துவமனைகள் தாமதமாகவே ஏற்றன. பிரிட்டனில் 1950களில்கூடப் பெற்றோர் குழந்தையைப் பார்க்கும் நேரம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பெற்றோர் போனபின் அழாமல் இருக்கும் குழந்தை பழகிவிட்டதாகக் கருதப்பட்டது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்னும் ஆய்வாளர் 1952இல் மருத்துவமனையில் தனித்திருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்துக் காட்டி, அந்த அமைதி பழக்கம் அல்ல, நம்பிக்கை இழப்பு என்று வாதிட்டார்; 1959இல் வந்த பிளாட் குழு அறிக்கை தாய்மார் உடன் தங்க வழி செய்யப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உடனிருப்பவர் இல்லாத நோயாளியே அரிது. ஆட்பற்றாக்குறை அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நோயாளி என்றால் இருவர் என்று எண்ணும் இந்தப் பழக்கத்தில் ஒரு மெய்யறிவும் உறைந்திருக்கிறது.

திருமாலடியாரிடையே அருளைப் பற்றி ஒரு பழைய விவாதம் உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலை மரபில் சொல்லப்படும் மர்க்கட நியாயம்; பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல இறைவனே உயிரைத் தாங்குகிறான் என்பது தென்கலை மரபின் மார்ஜார நியாயம். தசை வலுவின்றி, கழுத்தைக் கட்டிக்கொள்ளக்கூட இயலாத குழந்தையைத் தூக்கிச் செல்லும்போது இந்த விவாதம் ஏட்டிலிருந்து இறங்கிவிடுகிறது. பற்ற முடிந்தவர்க்கே அருள் என்றால் அக்குழந்தை அருளுக்கு வெளியே நிற்கும். அறிவாலும் முயற்சியாலும் எதையும் ஈட்ட முடியாத உயிரையும் உள்ளடக்கும் இறையியலே இங்கு முழுமையானது என்று சொல்லத் தோன்றுகிறது.

பெருமூளை வாதமும் கடும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் கொண்ட மகளை வளர்த்த அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, 1999இல் வெளியிட்ட 'லவ்ஸ் லேபர்' என்ற நூலில், மனிதரின் சமத்துவத்தை அவர்களுடைய பகுத்தறிவின்மேல் கட்டாமல், ஒவ்வொருவரும் ஒரு தாயால் பேணப்பட்ட பிள்ளை என்ற உண்மையின்மேல் கட்டுகிறார். பிறரைச் சார்ந்திருப்பது மனித வாழ்வின் விதிவிலக்கு அல்ல, இயல்பு என்பது அவர் வாதம். பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தாசையாக நின்று, அவள் தன் பிள்ளையைப் பேணுவதற்கு வழி செய்யும் பெண்ணுக்கு வழங்கும் 'டூலா' என்ற சொல்லிலிருந்து அவர் 'டூலியா' என்று ஒரு கோட்பாட்டையும் உருவாக்குகிறார்: பேணுபவரும் பேணப்பட வேண்டும், அது சமூகத்தின் நீதிக்கடன்.

இந்தக் கோட்பாட்டுக்குத் தமிழில் ஒரு கோயில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி மலையில் உறையும் தாயுமானவரின் தலபுராணப்படி, பேறுகாலம் நெருங்கிய இரத்தினாவதி என்பவளிடம் வந்துசேர முடியாதபடி அவள் தாயைக் காவிரி வெள்ளம் தடுத்தபோது, இறைவன் அந்தத் தாயின் வடிவிலேயே வந்து உடனிருந்தார். கடவுள் நினைத்திருந்தால் வெள்ளத்தை வடியச் செய்திருக்கலாம், வலியை நீக்கியிருக்கலாம். கதை அவற்றைச் சொல்லவில்லை. வலிப்பவளின் பக்கத்தில் அவளுக்குப் பழகிய முகத்தோடு அமர்ந்திருந்ததைத்தான் சொல்கிறது. சித்தியார் காட்டும் அறுவை மருத்துவராகிய இறைவனைவிட, இந்த உழைச்செல்வானாகிய இறைவனே சோதனை அறைக்கு நெருக்கமானவர். அவர் துன்பத்துக்கு விளக்கம் தரவில்லை, துன்பத்தின் அருகில் இடம் பிடித்துக்கொண்டார்.

பெரும்பாலான மருத்துவமனைகளில் ஒரு நோயாளிக்கு ஒரு துணை அனுமதிச்சீட்டுத்தான். அது தாயின் கையில் இருக்கும். மயக்க மருந்து தெளியும்வரை குழந்தையின் முகத்துக்கு நேரே, அது கண் திறந்தால் முதலில் தெரியும் இடமாகப் பார்த்து அவள் உட்கார்ந்திருப்பாள். காவலாளி உள்ளே விடாத பாட்டி வாயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத தன் மகளுக்காகத் தூக்குச்சட்டியில் இட்லியும் பிளாஸ்க்கில் காப்பியுமாக, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.